நூறால் வகுத்த மண்

மகனே,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை என்பது போனில் உன் குரலிலேயே தெரிகிறது. சனிக்கிழமை நீ கத்தாருக்கு விமானம் ஏறுகிறாய். பெட்டி வாங்கியாச்சு, மெடிக்கல் முடிஞ்சாச்சு என்று அதைப் பற்றியே பேசுகிறாய். ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வருகிறது. அன்று காலை மின் ஆய்வாளர் நம் ஊரிகத்தில் இருக்கும் லாண்டரிக்கு வந்து, நம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா எப்படிச் செத்தாள் என்று விசாரிக்கப் போகிறார். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேன் மா" என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நினைக்கிறேன். ரிட்டயர் ஆகும்வரை பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான், ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீளமாகத்தான் போவேன். பொறுத்துக்கொண்டு படி.

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. ஆனால் நீ அதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாய், அதுவும் மென்று முழுங்கி. எழுத்தில் முழுசாக இருக்கட்டும். தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டுக்குக் கீழே, பழைய தங்க மைன் நிலத்தில் அந்த லாண்டரி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. பெங்களூர் ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் வேனில் வந்து இறங்கும், பெரிய மெஷின்களில் துவைத்துத் திரும்பிப் போகும். விடியுமுன்னே ரயில் பிடித்து ஓடாமல் ஊரிலேயே நாலு பெண்களுக்கு வேலை கிடைத்ததே என்று ஸ்டெல்லாதான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி எத்தனை, எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போடும் வேலை உன் ஆபீசுக்கு வந்தது. நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய். "எங்க ஊரு மா, நானே பாக்கறேன்னு சொல்லிட்டேன்" என்று எனக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் கொல்லைக்குப் போய், சுவர் மேலாக ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ எனக்கு இன்னா பயம்க்கா, எங்க புள்ள போட்ட கரண்டு" என்றாள். அந்த வார்த்தையை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

மண்ணுக்குள் கரண்ட் எவ்வளவு சுலபமாக ஓடும் என்று பார்க்க, சர்வேக்காரர் ஒருவர் நாலு கம்பியை வரிசையாக அடித்து மீட்டர் வைத்துப் பார்த்தார். வந்த எண்களை உனக்கு போனில் அனுப்பினார். எல்லாம் முந்நூறையொட்டி இருந்தன. வெறும் எண்கள், பக்கத்தில் அலகு கிடையாது. அவர் பெங்களூர்க்காரர், அவர் எழுதியது ஓம் மீட்டரில். நீ அதை ஓம் சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டாய். மீட்டருக்குக் கொண்டுவர நூறால் வகுத்தாய். முந்நூறு மூன்று ஆனது. மூன்று என்றால் அது கரண்ட்டை அப்படியே குடிக்கிற மண், இரண்டு குழியே தாராளம். இரண்டு குழி என்று வரைந்து கொடுத்தாய், அவர்களும் இரண்டு குழி தோண்டினார்கள். தோண்டி முடித்த பிறகு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கே பிரமாதமாக இருக்கிறதே என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய்.

போன மாதம் ஒரு மெஷினின் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகி, கரண்ட் மெஷினின் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டது. எர்த் சரியாக இருந்திருந்தால் மொத்தக் கரண்ட்டும் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கியிருக்கும், கண் இமைக்கும் நேரத்தில் ஃபியூஸ் போயிருக்கும். ஆனால் அந்தக் குழிகளின் தடை நீ போட்ட கணக்கைவிட நூறு மடங்கு. கொஞ்சூண்டு கரண்ட்தான் மண்ணுக்குப் போனது. ஃபியூஸுக்கு அது உறைக்கவே இல்லை. மிச்சமெல்லாம் மெஷின் உடம்பிலேயே நின்றது, யாராவது தொடட்டும் என்று. ஈரத் தரையில் நின்றுகொண்டு, ஈரக் கையோடு, விரிப்புகளை எடுக்க ஸ்டெல்லா கதவைத் தொட்டாள்.

அடக்கத்துக்கு நீ வந்தாய். பெட்டியின் ஒரு மூலையை நீதான் தூக்கினாய். கல்லறையிலிருந்து திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "மா, அது மீட்டர் மா. சென்டிமீட்டர் இல்ல" என்றாய். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் என்னடா உளறுகிறாய் என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்கு அந்த நிமிஷமே முழுசாகப் புரிந்துவிட்டது. படித்ததற்காக நான் வருத்தப்பட்ட நாள் அது ஒன்றுதான். அப்புறம் அப்பா படத்தின் மேல் என் கையை வைத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய். உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். சத்தியம் செய்தேன்.

இந்தத் தப்பு வேறு யாருக்கும் வந்திருக்காது என்று நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பையன் என்றால் முந்நூறைப் பார்த்ததும் ஓம் மீட்டர் என்றுதான் எடுத்திருப்பான், அவனுக்கு வேறு அலகே தெரியாது. உன் ஆபீசில் மற்ற ஊர் வேலைக்கெல்லாம் நீயும் அப்படித்தான் செய்திருப்பாய். நம் ஊர் மண் என்றதும் உனக்கு அப்பா குரல் காதில் விழுந்துவிட்டது. மைனின் எலக்ட்ரிக் ஷாப்பில், மின் பட்டறையில், வேலை பார்த்தவர் அவர். அங்கே ஆழம் அடிக்கணக்கில், இடம் சுரங்க அடுக்கை எண்ணும் லெவல் கணக்கில், மண்ணின் தடை ஓம் சென்டிமீட்டரில். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன மீட்டரில் அப்படித்தான் இருந்தது, கடைசிவரை யாரும் அதை மாற்றவில்லை. மைனை மூடினார்கள், ஆட்கள் இறங்கிய ஷாஃப்டில் தண்ணீர் நிரம்பியது, ஆனால் அந்தக் கணக்கு மட்டும் நம் வீட்டில் உயிரோடு இருந்தது. "இந்தப் பக்கத்துக் கல்லு முப்பதாயிரம்டா, அவ்ளோ லேசுல கரண்ட உள்ள வுடாது" என்று சோறு சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் நடத்தியது ஓம் மீட்டர். மின்தடை எண் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். ஒரு மீட்டர் கனசதுரத்துக்குள் சென்டிமீட்டர் கனசதுரம் பத்து லட்சம் அடங்குமே டீச்சர், அப்போ பத்து லட்சத்தால்தானே பெருக்கணும் என்பார்கள். இல்லை, கட்டி சின்னதாகும்போது குறுக்குப் பரப்பு குறைந்து தடை பத்தாயிரம் மடங்கு ஏறும், நீளம் குறைந்து நூறு மடங்கு இறங்கும், ஆக மிச்சம் நூறு மட்டும்தான் என்று சாக்பீஸ் துண்டை உடைத்துக் காட்டிச் சொல்வேன். நீ அதை வீட்டில் விளையாட்டாக்கிவிட்டாய். "அம்மா ஓம்", "அப்பா ஓம்" என்று பேர் வைத்தாய். அப்பா ஒரு எண் சொன்னால் நூறால் வகுத்து அம்மா ஓமாக்கி என்னிடம் ஓடி வருவாய். நான் ஒன்று சொன்னால் நூறால் பெருக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவாய். நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு சிரித்திருப்போம். அந்த சர்வேக்காரர் அனுப்பிய எண் ஏற்கெனவே அம்மா ஓமில் இருந்தது. நீ அதை இன்னொரு தடவை அம்மா ஓமாக்கினாய்.

என் கோபம் அதில்கூட இல்லை. அவசரத்தில் யாருக்கும் கை தப்பும். மூன்று என்று விடை வந்ததே, அதைப் பார்த்து நீ திடுக்கிட்டிருக்க வேண்டாமா? முந்நூறு ஓம் சென்டிமீட்டர் மண் என்றால் அது உப்பு ஊறிய கடற்கரைச் சேறுடா. பாறையை உடைத்துக் கொட்டி மேடாக்கிய இடத்தில், கோடையில் புல்கூட முளைக்காத இடத்தில், கடல் எங்கிருந்து வந்தது? அந்த மேட்டில் சறுக்கி விளையாடி, கால்சட்டை எல்லாம் வெள்ளைத் தூசியாக வந்து என்னிடம் அடி வாங்கியவன் நீ. அந்த மண் எப்படிப்பட்டது என்று உன் முட்டியில் இருக்கும் தழும்பைக் கேட்டால்கூடச் சொல்லும். எட்டாம் வகுப்பில் நீ என் வகுப்பிலேயே உட்கார்ந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அலகு போடாத விடைக்கு அரை மார்க் குறைப்பேன் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தேன். உனக்கும் குறைத்தேன். அதனால் உனக்கு முதல் இடம் போயிற்று. "பெத்த புள்ளைக்கே இவ்ளோ கண்டிப்பா டீச்சர்?" என்று ஹெட்மாஸ்டரே கேட்டார். அன்றைக்குப் போனது அரை மார்க்.

நம் கொல்லைக் குழியை நீ மறந்திருக்க மாட்டாய். மிக்ஸியைத் தொட்டால் எனக்கு ஷாக் அடிக்கிறது என்று சொன்னேன். அப்பா அன்றைக்கே கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் யாராவது தரையைத் தோண்டினால் சும்மா விடுவார்களா? சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலைகள். ஸ்டெல்லா கல்யாணமாகி வந்த புதிது. "அக்கா, மாமா இன்னா தோண்டிகினு கீறாரு, தங்கம் கெடச்சிட்ச்சா?" என்று சத்தமாகவே கேட்டாள். "கெடச்சிட்ச்சிம்மா, உனக்கும் பாதி பங்கு தர்றேன், ஒரு கொடம் தண்ணி எடுத்துனு வா" என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொன்னதை நிஜமாகவே செய்தார். கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிய பிறகு, நம் எர்த்திலிருந்து ஒரு ஒயரைச் சுவர் தாண்டி அவள் வீட்டுக்கும் இழுத்துக் கொடுத்தார். மண் காய்ந்தால் குழி வேலை செய்யாது, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவளிடமும் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் நான் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம்கூட, அழுத கண்ணோடு சொம்பை எடுத்துக்கொண்டு வந்து, "குழிக்குத் தண்ணி ஊத்தியாச்சாக்கா?" என்று கேட்டவள். அப்பா போட்ட குழி அவளை வீட்டில் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது.

நீ சொல்லும் சமாதானங்களை நான் மறக்கவில்லை. கசிவு வந்தால் உடனே நிறுத்தும் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது, வேலை கெடுகிறது என்று லாண்டரிக்காரர்களே அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டார்கள், அது இருந்திருந்தால் ஸ்டெல்லா சித்தி பிழைத்திருப்பாங்க என்கிறாய். உண்மைதான். அது அவர்கள் பாவம், அதை அவர்கள் சொல்லட்டும். அதற்குப் பின்னால் போய் நீ ஒளிந்துகொள்ளாதே. இப்போது எட்டுக் குழி தோண்டி எல்லாம் சரியாக்கிவிட்டேன், இனிமேல் யாருக்கும் எதுவும் ஆகாது, அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறாய். அந்தக் குழிகளை என்ன பேர் சொல்லித் தோண்டினாய்? பராமரிப்பு வேலை. சத்தமில்லாமல் பூசி மெழுகிவிட்டு வந்தாய். செத்தவங்க திரும்பி வருவாங்களா என்று கேட்டாய். வரமாட்டார்கள். உயிரோடு இருப்பவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றி நீ ஒரு தடவையாவது கேட்டாயா?

ஸ்டெல்லா பெற்ற ரோஸியைச் சொல்கிறேன். உன்னை அண்ணா அண்ணா என்று சுற்றிவந்த அந்தப் பெண் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பெங்களூரில் பில் போடும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவள், அம்மா போனதிலிருந்து ரயில் ஏறவே இல்லை. நான் கொடுக்கும் சோற்றை வாங்கிக்கொள்கிறாள், மறுநாள் பாத்திரத்தைப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. அம்மா இல்லாத துக்கம் என்றுதான் நினைத்தேன். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து, காம்பவுண்டு சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பெரிம்மா, அம்மா வேல செய்ற எடத்துல ரப்பர் பூட்ஸ் குடுத்திருந்தாங்க இல்ல, அத நான்தான் கழுவி சொவுத்து மேல காய வெச்சேன். உள்ள எடுத்து வெக்க மறந்துட்டேன். மழ பேஞ்சிட்ச்சி. காலைல அம்மா பாக்கறாங்க, உள்ள பூரா தண்ணி. என்ன ஒண்ணும் திட்டல பெரிம்மா. போடி சோம்பேறின்னு சிரிச்சிகினே செருப்பு போட்டுனு போனாங்க." அந்த பூட்ஸ் இன்றைக்கும் அந்தச் சுவர் மேலேயே இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை, வேறு யாரையும் தொடவிடவும் இல்லை. ஒரு மாதமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு, ஏன் எடுத்துவைக்கவில்லை என்று யோசித்ததுண்டு, கேட்கவில்லை.

லாண்டரி சூப்பர்வைசர் வந்துவிட்டுப் போயிருக்கிறான். வியாழக்கிழமை ஆபீசர் கேட்டால், அம்மா அன்றைக்கு பூட்ஸ் போடாமல்தான் போனாங்க என்று மட்டும் சொன்னால் போதும் என்றானாம். "பொய்யா சொல்லச் சொல்றேன், நடந்தததானே" என்றானாம். அவளும் சொல்லத்தான் போகிறாள். ஊரார் முன்னால் நின்று, என் அம்மா சாவுக்கு நான்தான் காரணம் என்று சொல்லப்போகிறாள். அதுதான் தனக்குச் சரியான தண்டனை என்று நினைக்கிறாள். இதை எல்லாம் தெரிந்துகொண்டு, அப்பா படத்தின் மேல் வைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. உனக்காகத் திறக்கவில்லை. இப்படி ஒரு கேவலமான மனுஷியாக நான் இருந்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன். வியாழக்கிழமை வா. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ திற. முந்நூறை நூறால் வகுத்தது நான், மீட்டர் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொல். அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை போகும், கத்தார் போகும், கேஸ் வரும், உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். உனக்குப் பெண் பார்க்கிறேன் என்று சொன்னவர்கள் வாசல் பக்கம் வரமாட்டார்கள். நீ என் ஒரே பிள்ளை. ஜெயில் வாசலில் வரிசையில் நின்று உனக்குச் சோறு கொடுக்க வேண்டி வந்தால் நிற்பேன். பக்கத்து வீட்டுப் பெண் தலையில் உன் தப்பைக் கட்டிவிட்டு, நீ அனுப்பும் பணத்தில் நான் சோறு தின்ன மாட்டேன்.

இதோடு முடித்து நேற்றே தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இது திங்கட்கிழமை எழுதுவது. நேற்று கவரை எடுக்கப் போனபோது கொல்லையில் சத்தம் கேட்டது. நல்ல உச்சி வெயில். ரோஸி சுவரைத் தாண்டி வந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு குழிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக யாரும் ஊற்றாத குழி, மண் வெடித்திருந்தது. "அம்மா இருந்தா இந்நேரம் ஊத்திருப்பாங்க பெரிம்மா, நான் இதையும் மறந்துட்டேன்" என்றாள். இதையும் என்றாள். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது. உங்கள் அப்பா உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால், அவரே என் கையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டிருப்பார்.

துவைக்கிற கல்லில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா ஓம், அப்பா ஓம் என்ற விளையாட்டு அவளுக்கும் தெரியும், சின்னதில் அவளும் உன் பின்னால் ஓடியவள்தானே. அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. எனக்கு அதுவே கொடுமையாக இருந்தது. அவள் அழவில்லை. "அப்போ பூட்ஸ் போட்டிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டாள். பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "பூட்ஸ் ஒருவேளை காப்பாத்தியிருக்கும்மா. ஆனா மெஷின் ஒடம்புல கரண்டு நின்னதுக்கும் உன் பூட்ஸுக்கும் சம்மந்தமே கெடையாது. பூட்ஸ் போடாதவ தொட்டா சாவணும்னு ஒரு மெஷின் இருக்கக் கூடாது. அது அப்படி நின்னதுக்குக் காரணம் என் புள்ள" என்றேன்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும் பெரிம்மா?" என்றாள். அடக்கம் நடந்த அன்றிலிருந்து என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதமாக நான் கொடுத்த சோற்றை எல்லாம் அந்தப் பார்வையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெரிம்மா என்று இனிமேல் கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. எழுந்து போனாள். சுவர் மேலிருந்த பூட்ஸை எடுத்தாள், உள்ளே இன்னும் காயாமல் மிச்சமிருந்த தண்ணீரைக் குழியிலேயே கவிழ்த்தாள். அவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். "பெட்டியத் தூக்கறப்பவே அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள். அதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை. கேட்க பயந்தேன் என்பதுதான் நிஜம். கல்லறையிலிருந்து வந்த பிறகு உனக்குத் தோன்றியதா, இல்லை, ஸ்டெல்லா செத்த விதத்தைப் போனில் கேட்ட காலையிலேயே கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்துதான் அவள் பெட்டிக்குத் தோள் கொடுத்தாயா? எனக்குத் தெரியாதும்மா, அதை நீ அவனையே கேள் என்றேன். "கேக்கறேன்" என்றாள்.

நாளைக் காலை வண்டியில் பெங்களூருக்கு, உன் அறைக்கு வருகிறாள். தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று இந்தக் கடிதத்தையும் கேட்டிருக்கிறாள். அம்மா போன பிறகு அவள் ரயில் ஏறுவது இதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை நீ வந்தாலும் வராவிட்டாலும் லாண்டரி வாசலில் அவள் பக்கத்தில் நான் நிற்பேன். ஆபீசர் கேட்டால் உன் பேரைச் சொல்வேன். பெற்ற வாயால் அதைச் சொல்ல வைத்துவிடாதே என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நீ இதைப் படித்து முடிக்கும்வரை அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள். அவளை உட்காரச் சொல், ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, அவள் கேட்டதற்குப் பதில் சொல்.

அம்மா